கொஞ்சம் நோயோடு வரவும்

தொலைபேசியில் செவிலி சொன்னது இவ்வளவுதான்:
கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு நாளாவது போகட்டும்,
கொஞ்சம் நோயோடு வாருங்கள்,
அப்போதுதான் மருந்து பிடிக்கும்.
மின்கட்டண உறையின் முதுகில் எழுதிக்கொண்டேன்.
செவ்வாய். ஒன்பது நாற்பது. நோயோடு.

இதுவரை எந்த மருத்துவரிடம் போனாலும்
குளித்து, தலை வாரி,
இருப்பதைவிட ஒரு பங்கு நன்றாகத்தான் போயிருக்கிறேன்.

திங்கள் காலை எட்டுக்கு விழுங்கியது கடைசி.
அது மாத்திரைக்குத் தெரியாது.
எனக்கே பாதிதான் தெரியும்.
பகல் முழுக்க அடுப்பைத் துடைத்தேன்,
துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தேன்.
இரவு பத்துக்குக் கொட்டாவி.
தூக்கத்தோடு சம்பந்தமில்லாத கொட்டாவி,
தாடை கழன்றுவிடும்போல், ஒன்றன்பின் ஒன்றாக.
கண்ணும் மூக்கும் ஒழுகின; யாருக்காகவும் அழவில்லை.
புல்லரிப்பு என்பது
நல்ல பாட்டு கேட்டால் வருவதற்கென்று வைத்திருந்த சொல்.
இரண்டு மணிக்கு அது மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஏறி
இறங்க மறுத்தது.
கால்கள் என்னை விட்டுவிட்டு
எங்கோ புறப்பட்டுக்கொண்டே இருந்தன.

வெளியே கிளேஸ் பே.
துறைமுகத்தின் வாயில் மார்ச் மாதப் பனிக்கட்டி
ஒன்றையொன்று இடித்து முனகியது.
அதுவும் தூங்கவில்லை என்பதில் ஒரு சின்ன நிம்மதி.

எடுத்து வர வேண்டியவை:
சுகாதார அட்டை,
வீட்டிலுள்ள மாத்திரைக் குப்பிகள் எல்லாம்,
வண்டி ஓட்ட ஒருவர்.
மூன்றாவதற்கு வெண்டல்தான் இருந்தான், அக்காவின் கணவன்.
இரண்டாவதில்தான் சிக்கல்.

இறால் ஆலையின் ஈரத்தரையில் விழுந்தபோது
இடுப்புக்கு எழுதிக்கொடுத்த குப்பிகள் மூன்று; என் பெயர்; காலி.
நான்காவதில் அக்காவின் பெயர்: ஈனா மெக்கின்டயர்.
வலிக்கு, நான்கு மணிக்கொருமுறை.
அவளைப் பார்த்துக்கொள்ளப் போன குளிர்காலம் அது.
அவள் தீர்ந்த பிறகும், அது தீர்ந்த பிறகும்,
யார் யாரிடமோ வாங்கியதை
இன்னும் அந்தக் குப்பியில்தான் போட்டுவைக்கிறேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

எட்டரைக்கு ஹாரன் அடித்தான்.
இரண்டு துண்டு, ஒரு மாற்று உடை, ஒரு காலி வாளி.
வாளியைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை,
ஹீட்டரைக் கூட்டினான். நான் குறைத்தேன்.
கூட்டச் சொன்னேன்.

போக வேண்டியது சிட்னி.
வெயிலுக்கு ஆசைப்பட்டு, தப்பாகச் சீட்டு வாங்கியவர்கள்
கோட்டு இல்லாமல் வந்திறங்கும் எங்கள் சிட்னி.
ஒவ்வொரு பள்ளத்திலும் மடியில் பை கிலுகிலுத்தது.
காலிக் குப்பிகள் சத்தம் போடாது,
அது அவனுக்கும் தெரியும்.

ரிசர்வ் மைன்ஸ் தாண்டியதும், வைப்பரிடம் சொல்வதுபோல் சொன்னான்:
“அவளுக்குத் தெரியும்.
குறையுதுன்னு எண்ண உட்கார்ந்தேன்.
எண்ணாதேன்னுட்டா.”

அவள் வலியோடு கிடந்தாளா என்று நான் கேட்கவில்லை.
இல்லை என்று அவனும் சொல்லவில்லை.
வாளி பயன்பட்டது.

மருத்துவமனை வாசலில் இருபது நிமிடம் மிச்சம்.
படிவத்தில் ஏழாம் கேள்வி:
தற்போது கைவசம் எத்தனை?
சுழி போடலாம் என்று நினைத்தேன்.
சுழி எழுத எளிது, நடுங்கும் கைக்குக்கூட.

பையைத் திறந்து அந்தக் குப்பியை எடுத்தேன்.
மூடி குழந்தைகள் திறக்காத வகை.
அழுத்தித் திருக வேண்டும்;
அழுத்தம் வந்தால் திருகல் வரவில்லை.

வெண்டல் கையுறையைக் கழற்றினான்.
பெயரிருந்த பக்கத்தை உள்ளங்கைக்குள் வைத்து
ஒரே திருகில் திறந்தான்.
என்ஜினை அணைத்தான், கேட்கவேண்டிய ஏதோ இருப்பதுபோல்.

உள்ளங்கையில் கொட்டி
“இரண்டு” என்றான்.

எழுதிக்கொண்டேன்.